'மஞ்சள் சுவர்த்தாள்': தாயின் சொல்லும் கேளாச் செவியும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றையும் மேலும் நான்காக விரிக்கிறார். நோயுற்றவனுக்கு அவர் வேண்டும் நான்கனுள் ஒன்று, தன் நோயின் நிலையைப் பிறர்க்கு உணர்த்தும் ஆற்றலாகும். உணர்த்துதல் என்றால் உணர்ந்துகொள்ளும் ஒருவர் எதிரே இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நோயுற்றவர் சொல்லியும், கேட்கவேண்டியவர் கேளாதுவிடின் என்ன நேரும்? இவ்வினாவுக்கு ஓர் அமெரிக்கச் சிறுகதை விடை தருகிறது. சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' என்பது அதன் பெயர். 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 'நியூ இங்கிலாந்து மேகசின்' என்னும் இதழில் அது வெளிவந்தது.

கதை மிகச் சிறியது. அண்மையில் மகவு ஈன்ற இளந்தாய் ஒருத்தி கணவனுடன் கோடைக்காலத்தைக் கழிக்க ஊர்ப்புறத்துப் பெரிய மாளிகை ஒன்றுக்கு வருகிறாள். கணவன் ஜான் புகழ்பெற்ற மருத்துவன். அவளுடைய தமையனும் மருத்துவனே. அவளுக்கு நோய் ஒன்றுமில்லை, சிறிது நரம்புத் தளர்ச்சிதான் என்பது இருவரின் முடிபு. சத்து மருந்தும், நல்லுணவும், தூய காற்றும், ஓய்வும் போதும். எழுதுதல் கூடாது என்று விதிக்கின்றனர். மாடியில் கம்பியிட்ட சன்னல்களையுடைய ஓர் அறையில் அவளை வைக்கின்றனர். அவ்வறையின் சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள் அவளை வருத்துகிறது. அதை மாற்றும்படி கேட்கிறாள், மாற்றப்படவில்லை. நாளடைவில் அத்தாளின் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் அடைபட்டு ஊர்ந்து திரிவதாகக் காண்கிறாள். கடைசி நாளில் கதவைத் தாழிட்டுத் தாளைக் கிழித்தெறிந்து, தானே அப்பெண்ணாகித் தரையில் ஊர்கிறாள். கதவைத் திறந்து பார்த்த கணவன் மயங்கி விழுகிறான். அவன்மேல் ஏறி அவள் ஊர்ந்து செல்கிறாள். முழுக்கதையும், பிறர் அறியாமல் அவள் எழுதும் நாட்குறிப்பாகவே அமைந்துள்ளது. கதை முழுதும் அவளுக்கென்று உறுதியான ஒரு பெயர் கூறப்படவில்லை.

இதனை நெடுங்காலம் பேய்க்கதையாகவே பலர் படித்தனர். அச்சமூட்டும் கதைத் திரட்டுகளிலும் சேர்த்தனர். 1973-இல் அமெரிக்காவின் பெமினிஸ்ட் பிரஸ் இதனைத் தனிநூலாக மறுபதிப்புச் செய்தபின், ஆண் வகுத்த சிறையை உடைக்கும் பெண்ணின் விடுதலைக் கதையாகப் போற்றினர். இரண்டு நோக்கிற்கும் கதையில் இடமுண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றை விட்டுவிடுகின்றன. முதல் நோக்கு நோயைப் பேயாக்குகிறது. இரண்டாம் நோக்கு நோயை வெற்றியாக்குகிறது. இறுதியில் அப்பெண்ணின் அருகே ஒளித்துவைத்த கயிறு ஒன்று கிடக்கிறது. சன்னல் வழியே குதிக்கவும் அவள் எண்ணிப் பார்க்கிறாள். கம்பிகள் வலியனவாதலின் அவ்வெண்ணத்தைக் கைவிடுகிறாள். இதனை விடுதலை என்று கொண்டாட மனம் வருமோ? பிள்ளை பெற்ற ஒரு தாய், வீடு நிறைய ஆளிருந்தும் துணையின்றி மனம் சிதைந்த கதை இது. அங்ஙனம் படிக்கும்போதே இதன் ஒவ்வொரு வரியும் உரிய பொருளைத் தருகிறது.

ஆசிரியரின் வாழ்வு

இந்நோக்கிற்கு ஆசிரியரின் வாழ்வே சான்று. கில்மன் 1860-இல் பிறந்தவர். 1884-இல் சார்ல்ஸ் வால்ட்டர் ஸ்டெட்சன் என்னும் ஓவியரை மணந்தார். 1885 மார்ச்சில் காதரின் என்னும் மகள் பிறந்தாள். குழந்தை நல்ல குழந்தை, கணவர் அன்பானவர், உதவிக்குத் தாயாரும் வந்தார். இத்தனையும் இருந்தும், குழந்தையை அணைத்தபடி அழுத நாள்களைப் பிற்காலத்துத் தன்வரலாற்றில் அவர் கூறுகிறார். அவ்வாண்டின் குளிர்காலத்தில் தனியே கலிபோர்னியா சென்றபோது உள்ளம் தெளிந்தது. வீடு திரும்பியதும் இருள் மீண்டும் சூழ்ந்தது.

1887-இல் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் சைலஸ் வீர் மிட்செலிடம் சென்றார். மிட்செல் அக்காலத்து நரம்பு மருத்துவருள் தலைசிறந்தவர். படுக்கையில் கிடத்தி, மிகுதியாக உண்பித்து, உடலைப் பிடித்துவிட்டு, படிப்பையும் எழுத்தையும் விலக்கும் ஓய்வு மருத்துவ முறைக்குத் தந்தை அவர். ஏறத்தாழ ஒரு திங்கள் அம்முறையைச் செய்தபின், நோய் ஒன்றுமில்லை என்று கூறிக் கில்மனை வீட்டுக்கு அனுப்பினார். இல்லத்து வாழ்விலேயே அடங்கியிருத்தல், அறிவு முயற்சியை நாளுக்கு இரண்டு மணியளவில் நிறுத்துதல், எழுதுகோலையும் தூரிகையையும் வாழ்நாள் முழுதும் தொடாமை என்பன அவர் விதித்த கட்டளைகள். அவற்றைக் கில்மன் சில திங்கள் கைக்கொண்டார். அறிவு சிதையும் எல்லைவரை சென்றார். பின்னர் அக்கட்டளையை எறிந்துவிட்டு எழுதத் தொடங்கினார். 1890-இல் இக்கதை பிறந்தது. மிட்செலின் பெயர் கதையிலும் ஓரிடத்தில் வருகிறது: விரைவில் தேறாவிடில் அவரிடம் அனுப்பிவிடுவதாகக் கணவன் கூறுகிறான்.

மிட்செலைப் பற்றி ஒன்று சிந்திக்கத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்து புகழ்பெற்றவர் அவர். இல்லாத கால் வலிக்கிறது என்று வீரர் கூறியதை நம்பி ஆராய்ந்து, அவ்வுணர்ச்சியை 1871-இல் பெயரிட்டு விளக்கினார். காணாத உறுப்பின் வலியைச் சொல்லளவில் நம்பிய அவ்வறிஞர், கண்முன் அழுத தாயின் சொல்லை நம்பவில்லை. அறிவின்மையால் நேர்ந்த பிழையன்று இது. யாருடைய சொல் நோயின் சான்றாக ஏற்கப்படுகிறது என்பதில் நேர்ந்த பிழை.

ஜான் என்னும் கணவன்

இனிக் கதைக்கு வருவோம். ஜானைக் கொடியவன் என்று தீர்ப்புரைப்பார் பலர். கதை அங்ஙனம் கூறவில்லை. அவன் மனைவிமேல் அன்புடையவன்; அவளைத் தூக்கிச் சென்று படுக்கையில் இடுகிறான், அருகிருந்து படித்துக் காட்டுகிறான். பேணுபவனுக்குப் பரிமேலழகர் வேண்டும் அன்பு அவனிடம் குறைவின்றி உண்டு. தீர்ப்பவனுக்கு வேண்டும் கல்வியும் உண்டு. அவனிடம் இல்லாதது கேட்கும் பொறுமை ஒன்றே. இதுவே கதையின் வலிமை. கொடியவன் ஒருவனால் நேர்ந்த கேடாயின், நம் வீட்டில் அத்தகையோர் இல்லை என்று படிப்போர் அமைதி கொள்ளலாம். நல்லவனால் நேர்ந்த கேடாதலின் அவ்வமைதிக்கு இடமில்லை.

சுவர்த்தாளை மாற்றுதற்கு அவன் கூறும் மறுப்பைக் காண்க. இன்று தாளை மாற்றினால், நாளை கட்டிலை மாற்றக் கேட்பாய், பின்னர் சன்னல் கம்பியை, பின்னர் படிக்கட்டு வாயிலை என்கிறான். வேண்டுகோளைப் பிடிவாதமாகக் கருதுகிறான். நள்ளிரவில் நடக்கும் உரையாடல் அதனினும் கூர்மையானது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அவள் கேட்கிறாள். உடல் தேறிவருகிறது என்று அவன் கணக்குக் காட்டுகிறான். உடலளவில் தேறியிருக்கலாம் என்று அவள் வாயெடுக்கிறாள். கண்டிப்பும் வருத்தமும் கலந்த ஒரு பார்வை பார்க்கிறான். எஞ்சிய சொல் அவள் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. தன் பொருட்டும், குழந்தையின் பொருட்டும், அவள் பொருட்டும் அவ்வெண்ணத்தை மனத்துள் நுழையவிடாதே என்று அவன் வேண்டுகிறான். உடல் வேறு உள்ளம் வேறு என்று தன் நோயைச் சரியாகப் பெயரிட்டு உணர்த்தத் தொடங்கியவள் அந்நோயாளியே. மருத்துவன் அவளைத் தடுத்துவிட்டான். அவ்விரவுக்குப்பின் அவள் கணவனிடம் உண்மை பேசுவதில்லை. பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பதை மறைக்கிறாள். அவன் இல்லாத வேளையில் அழுகிறாள்.

ஜானின் தங்கை ஜென்னி வீட்டை நடத்துகிறாள். பணியாள் மேரி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். இருவரும் குறைசொல்ல முடியாதவர். ஜென்னி நாத்தியைக் கண்காணிக்கிறாள். எப்போது உறங்கினாள் என்பதை அண்ணனுக்குத் தெரிவிக்கிறாள். ஆனால் எப்படி இருக்கிறாய் என்று அருகமர்ந்து கேட்டதாக ஓரிடமும் கதையில் இல்லை. காவல் உண்டு, துணை இல்லை.

பத்து வினாக்கள்

இக்கதை வெளிவந்து 95 ஆண்டுகள் கழித்து, 1987-இல், ஸ்காட்லாந்தைச் சார்ந்த ஜான் காக்ஸ், ஜெனிபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவர் பேற்றுக்குப்பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியப் பத்து வினாக்கள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டனர். எடின்பரோ அளவுகோல் என்று அது வழங்குகிறது. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, வரும் நாளை மகிழ்ச்சியோடு எதிர்நோக்க முடிந்ததா, காரணமின்றித் தன்னைத்தானே பழித்துக்கொண்டாளா, கவலையும் அச்சமும் வந்தனவா, வேலைகள் மலைபோல் அழுத்தினவா, துயரத்தால் உறக்கம் கெட்டதா, அழுகை வந்ததா, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்ததா என்னும் போக்கில் அவ்வினாக்கள் செல்லும். அத்தாள் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, தமிழ்த் தாய்மாரிடையே ஆராயப்பட்டுள்ளது.

இத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு 'மஞ்சள் சுவர்த்தா'ளை மீண்டும் படிப்பவர் வியப்படைவர். அவள் ஒன்றுமில்லாததற்கு அழுகிறாள். நாளின் பெரும்பகுதி அழுகையிலேயே கழிகிறது. உடுத்துவதும் விருந்தினரை வரவேற்பதும் பெரும் பாரமாகின்றன. கணவனுக்குத் துணையாக வேண்டிய தான் சுமையாகிவிட்டதாகத் தன்னையே பழிக்கிறாள். குழந்தை அருமையானது என்று எழுதுகிறாள். ஆயினும் அதனருகே இருக்க முடியவில்லை, மனம் பதறுகிறது என்றும் எழுதுகிறாள். உறக்கம் போய்விட்டது. கயிறும் சன்னலும் நினைவில் வருகின்றன. வினாக்கள் பிறப்பதற்கு முன்பே விடைகள் எழுதப்பட்டிருந்தன. வீட்டில் இருந்த மருத்துவன் அவற்றைப் படிக்கவில்லை; படிக்கவேண்டிய ஏட்டையே எழுதவேண்டாம் என்று தடுத்திருந்தான்.

வெளிவந்த காலத்தில் இக்கதையைப் பற்றி இரு மருத்துவர் கூறியவற்றைக் கில்மன் 1913-இல் நினைவுகூர்ந்தார். இத்தகைய கதை எழுதப்படவே கூடாது, படிப்போர் பித்தராவர் என்று போஸ்டன் மருத்துவர் ஒருவர் நாளிதழில் கண்டித்தார். மனநோய் தொடங்கும் நிலையை இதைவிட நன்றாக விளக்கிய எழுத்தைக் கண்டதில்லை என்று கான்சாஸ் மருத்துவர் ஒருவர் எழுதினார். ஒரே நோய்நிலை உரை. ஒருவர் வாயை அடைக்கிறார், ஒருவர் செவி கொடுக்கிறார்.

கதையின் குறைகள்

குறையில்லாத கதையன்று இது. மூன்று குறைகளைக் கூறலாம்.

முதலாவது, நோயின் போக்கு. மனச்சோர்வாகத் தொடங்கியது, இல்லாததைக் காணும் பித்தாக முடிகிறது. தமக்கு அத்தகைய தோற்றங்கள் வந்ததில்லை, கதைக்காகச் சேர்த்தவை என்று கில்மனே 1913-இல் ஒப்பினார். மனச்சோர்வுற்ற தாயர் அனைவரும் இம்முடிவுக்கே வருவர் என்று படிப்போர் அஞ்சுதல் கூடாது. இன்றைய மருத்துவம் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. பேற்றுக்குப்பின் சில நாளில் வந்து இரு கிழமைக்குள் தானே தெளியும் கலக்கம் தாய்மாருள் பெரும்பாலோர்க்கு உண்டு, அது நோயன்று. இரு கிழமை கடந்தும் நீடிக்கும் துயரம், விருப்பின்மை, குற்றவுணர்வு ஆகியன மனச்சோர்வின் அடையாளங்கள். பேறு நிகழ்ந்த ஓராண்டுக்குள் எப்போதும் இது தொடங்கலாம். மூன்றாவது, ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் நேரும் பித்துநிலை. இது பெரும்பாலும் முதல் இரு கிழமைக்குள் திடுமெனத் தோன்றும். இல்லாத குரலைக் கேட்டல், பொருந்தாத நம்பிக்கை, உறக்கமே வேண்டாத பரபரப்பு என்பன தோன்றின், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது, மருத்துவமே பகை என்னும் எண்ணத்தைக் கதை விதைக்கக்கூடும். இக்கதையைக் கண்டு மிட்செல் தம் முறையை மாற்றிக்கொண்டார் என்று கேள்வியுற்றதாகக் கில்மன் எழுதினார். அதற்கு மிட்செலின் எழுத்துகளில் சான்று இல்லை என்பர் ஆய்வாளர். ஆயினும் மருத்துவம் மாறியது. பேச்சுவழி மருத்துவமும், மருந்தும் இந்நோயைத் தீர்க்கின்றன. தாய்ப்பால் கொடுக்கும்போதே மருத்துவர் துணையோடு உட்கொள்ளத்தக்க மருந்துகள் உண்டு. இந்நோய்க்கென்றே அமைந்த மாத்திரை ஒன்று 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மருத்துவரை விட்டு ஓடுதல் இக்கதையின் பாடமாகாது. கேட்கும் மருத்துவரை நாடுதலே பாடம்.

மூன்றாவது, இத்தலைவிக்கு மாளிகையும் பணியாளரும் உண்டு. ஓய்வு என்னும் பெயரால் அவள் வதைபட்டாள். ஓய்வே கிடைக்காத ஏழைத் தாயின் துயரம் கதைக்கு வெளியே நிற்கிறது. பிறர் குழந்தையைப் பேணும் மேரிக்கு ஒரு மனமுண்டா என்று ஆசிரியர் எண்ணிப் பார்த்தாரில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 13 பேர் அளவில் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். வளரும் நாடுகளில் அது 19.8 ஆக உயர்கிறது. மாளிகையைவிடக் குடிசையில் இந்நோய்க்கு இடம் மிகுதி.

நம் வீடுகள்

தமிழ் வீடுகளில் பச்சை உடம்புக்காரியைப் பேணுதற்கு முறைகள் பல உள. பத்திய உணவு, மருந்துக் குழம்பு, எண்ணெய்க் குளியல், வயிற்றுக்குத் துணி கட்டுதல் என உடம்புக்கு ஒன்றும் குறைவதில்லை. பேறுகாலச் சன்னி என்னும் சொல்லும் வழக்கில் உண்டு. அது காய்ச்சலையும் பிதற்றலையும் குறிக்கும். ஆனால் சத்தமின்றி நாள்தோறும் அழுபவளுக்கு வழக்கில் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் வசைச்சொல் புகுந்துவிடுகிறது. சோம்பேறி என்பர், பிள்ளைமேல் பாசமில்லாதவள் என்பர், நாங்கள் பெறவில்லையா என்பர். நல்ல பிள்ளை பிறந்திருக்கிறது, அழலாமா என்று அன்பாகவே வாயை அடைப்பாரும் உண்டு. ஜான் பார்த்த பார்வை இதுவே.

பேறான ஆசிரியை பள்ளிக்குத் திரும்பும்போதும், மாணவன் ஒருவன் வீட்டில் தம்பி பிறந்தபின் அம்மா பேசுவதில்லை என்று கூறும்போதும், இக்கதையைப் படித்தவர் ஒரு கணம் நிற்பர். உடம்பு எப்படி என்று கேட்டபின், மனம் எப்படி என்றும் கேட்பர். விடை வரும்வரை காத்திருப்பர். இரு கிழமை கடந்தும் துயரம் நீங்கவில்லையெனின், மலேசியாவில் அரசுச் சுகாதார நிலையத்தையும், பேற்றுக்குப்பின் வீடு தேடி வரும் தாதியரையும் நாடலாம். ஹீல் எனப்படும் 15555 என்னும் எண்ணிலும் பேசலாம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமும், கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையும் உள. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் 1767 என்னும் எண்ணில் இரவும் பகலும் கேட்போர் உளர்.

கில்மன் பிழைத்தார், அதன்பின் பல நூல்கள் எழுதினார். அவர் படைத்த தாய் பிழைக்கவில்லை. ஆசிரியருக்கு எழுதுகோல் திரும்பக் கிடைத்தது. அவள் எழுதிய ஏட்டையோ வீட்டில் எவரும் வாங்கிப் படிக்கவில்லை. 'மஞ்சள் சுவர்த்தா'ளை இனிப் படிப்போர் சுவரில் ஊரும் பெண்ணைக் கண்டு அஞ்சுவதோடு நின்றுவிடாமல், நள்ளிரவில் தொண்டையில் நின்றுபோன அச்சொல்லைத் தேடிக் கேட்பாராக.